அச்சமும் தயக்கமும் ஒன்றல்ல: மும்பைத் தமிழ்க் குழந்தைக்குச் சொல் கற்பிக்கும் முறை மாற வேண்டும்

தொடக்கப் பள்ளித் தமிழ் வகுப்புகளில் பாடம் முடிந்ததும் ஒரு பயிற்சி வரும். ஒரு பக்கம் சொல், எதிர்ப்பக்கம் பொருள். அச்சம் என்றால் பயம், சினம் என்றால் கோபம், உவகை என்றால் மகிழ்ச்சி, இன்னல் என்றால் துன்பம். குழந்தைகள் அதை உரக்கப் படித்து மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வில் ‘பொருள் எழுதுக’ என்று கேட்டால் எழுதிவிடுகிறார்கள்; மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. கண்ணால் காணக்கூடிய பொருள்களின் பெயர்களுக்கு இந்த முறை பெரிய கேடு செய்வதில்லை. ஞாயிறு, பரிதி, கதிரவன், ஆதவன் என்று எதைச் சொன்னாலும் வானத்தில் இருப்பது ஒன்றுதான். குழந்தை அண்ணாந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளும். பரிவு, நாணம், தயக்கம், பெருமிதம், உரிமை போன்ற சொற்களுக்கு அப்படிச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. அங்கே ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாகத் தருவது, தெரியாத ஒன்றைத் தெரியாத வேறொன்றால் விளக்குவதாகவே முடிகிறது. பண்பையும் உணர்வையும் குறிக்கும் சொற்களை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அடுக்கிக் கொடுப்பதை விட்டுவிட்டு, அவை எங்கே ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றன என்பதைக் காட்டிக் கற்பிக்க வேண்டும். இது எல்லா ஊர்த் தமிழ்க் குழந்தைகளுக்கும் பொருந்தும். மும்பைத் தமிழ்க் குழந்தைகளுக்கோ இது அவசரத் தேவை.

அந்த அவசரத்துக்குக் காரணம் நகரத்தின் மொழிச் சூழல். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. இத்தனை மொழிகளில் பள்ளி நடத்தும் நகரங்கள் உலகிலேயே மிகக் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அவர்களின் நிலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய மாட்டுங்காவிலும், அடுத்தடுத்த தலைமுறைகள் பரவிய செம்பூரிலும் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு, அதிகம் போனால் வார இறுதி வகுப்பு. சூழல் வேறு, குறை ஒன்றுதான். தமிழ்நாட்டில் வளரும் குழந்தையின் காதில் நீதி, உரிமை, தன்மானம், நம்பிக்கை போன்ற சொற்கள் மேடைப் பேச்சிலும் செய்தியிலும் சுவரொட்டியிலும் நாள்தோறும் விழுகின்றன. மும்பையில் பொதுவெளியின் மொழி மராத்தியும் இந்தியும் ஆங்கிலமுமாக இருப்பதால், தமிழில் இத்தகைய சொற்களைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறை மட்டுமே. அந்த ஒரே இடத்திலும் சொற்பட்டியல்தான் கிடைக்கிறது என்றால் இழப்பு பெரிது.

பட்டியல் ஏன் போதாது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜ் மில்லரும் பட்ரீசியா கில்டியாவும் குழந்தைகள் சொற்களை எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புக் குழந்தைகளிடம் அகராதியைக் கொடுத்து, அதில் ஒரு புதிய சொல்லின் பொருளைப் பார்த்து அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னபோது நடந்ததை அதில் விவரித்திருக்கிறார்கள். குழந்தைகள் அகராதி விளக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கொரு வாக்கியம் அமைத்தார்கள். பிறகு தெரிந்த சொல்லை எடுத்துவிட்டுப் புதிய சொல்லை அந்த இடத்தில் வைத்தார்கள். தூண்டுதல் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குக் கிளறுதல் என்பதும் ஒரு விளக்கமாக இருந்ததால், ஒருவர் சூப்பைத் ‘தூண்டியதாக’ ஒரு குழந்தை எழுதியது. குழந்தையின் தருக்கத்தில் பிழை இல்லை. இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள் என்று சொல்லிவிட்டால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதுதானே நியாயம்? நம் குழந்தைகளுக்கும் இதுவே நடக்கும். இன்னல் என்றால் துன்பம், துன்பம் என்றால் வலி என்று படித்த குழந்தை ‘எனக்கு வயிற்றில் இன்னல்’ என்று எழுதினால், தவறு அதைக் கற்பித்த முறையில்தான் இருக்கிறது.

இன்னொரு வகை ஆய்வும் இதையே சொல்கிறது. தாமஸ் டிங்கம் 1993இலும் ராப் வேரிங் 1997இலும் நடத்திய சோதனைகளில், பொருளால் நெருங்கிய புதிய சொற்களை ஒரே வேளையில் சேர்த்துக் கற்பதைவிட, தொடர்பில்லாத சொற்களைக் கற்பது எளிதாக இருந்தது. நெருங்கிய சொற்கள் நினைவில் ஒன்றோடொன்று மோதிக் குழம்பின. அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள். கற்றவை புனைந்த சொற்கள். அதை அப்படியே ஏழு வயதுக் குழந்தையின் மேல் ஏற்றிவிட முடியாதுதான். ஆனாலும் ‘ஒரே பொருள் என்றால் ஒன்றாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம், வேலை மிச்சம்’ என்ற நம் நெடுநாள் எண்ணத்தை அது அசைத்துப் பார்க்கிறது. இசபெல் பெக்கும் மார்கரெட் மக்கியோனும் சக ஆய்வாளர்களும் நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு சொல்லை நான்கு முறை சந்தித்த குழந்தைகள் அதன் பொருளைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தச் சொல் வரும் கதையை நன்றாகப் புரிந்துகொள்ளப் பன்னிரண்டு முறை, அதுவும் வெவ்வேறு சூழலில், சந்திக்க வேண்டியிருந்தது. பொருள் எழுதத் தெரிவதும் படித்துப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நம் தேர்வுகள் முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதும் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தமிழ்க் கல்வி மரபே நிகண்டு மரபுதானே? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்துதானே புலவர்கள் ஆனார்கள்? உண்மைதான். திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் பண்பு பற்றிய பெயர்களுக்கு ஒரு தொகுதியும் செயல் பற்றிய பெயர்களுக்கு ஒரு தொகுதியும் தனியே இருக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாதவற்றின் பெயர்களைத் தனி வகையாகப் பிரித்துத் தொகுக்க வேண்டும் என்ற தெளிவு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு இருந்தது பெருமைக்குரியது. மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் அமைத்ததும் நினைவில் நிற்கும் வசதியை நினைத்துத்தான். ஆனால் நிகண்டு தனியே இயங்கவில்லை. அதை மனப்பாடம் செய்த மாணவன் அடுத்து ஆசிரியரின் எதிரில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்யுள் நூல்களைப் பாடம் கேட்டான். நிகண்டில் அடுத்தடுத்து நின்ற சொற்களில் ஒன்றைப் புலவர் ஏன் இங்கே தேர்ந்தார், மற்றதை ஏன் விட்டார் என்பது அங்கேதான் விளங்கியது. மனப்பாடம் சேமிப்பு, பாடம் கேட்டது அதைச் செலவழிக்கும் பயிற்சி. இன்றைய வகுப்பறை சேமிப்பை மட்டும் அரைகுறையாக வைத்துக்கொண்டு பயிற்சியை விட்டுவிட்டது. ஆகவே மரபின் பெயரால் பட்டியலைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மரபின் பாதியை மட்டுமே காப்பாற்றுகிறார்கள்.

மரபில் நமக்கு வழிகாட்டக்கூடிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றை அது எப்படி விளக்குகிறது என்பது ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. அச்சம் என்றால் பயம் என்று அது நிறுத்திக்கொள்வதில்லை. எவற்றால் அச்சம் பிறக்கிறது என்று நான்கைச் சொல்கிறது: தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், அரசன். உவகைக்கான காரணங்களில் விளையாட்டையும் சேர்க்கிறது. அழுகைக்கான காரணங்களில் வறுமையும் இழப்பும் இருக்கின்றன. உணர்வின் பெயரை நிகழ்ச்சியோடு கட்டி வைக்கும் முறை இது. திருக்குறளும் இதே கூர்மையைக் காட்டுகிறது. அன்புடைமை இல்லறவியலில் 8ஆம் அதிகாரம். அருளுடைமை துறவறவியலில் 25ஆம் அதிகாரம். தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவார்கள். பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். வள்ளுவரிடம் அவற்றுக்கு இடையே பதினேழு அதிகாரத் தொலைவும், ஓர் இயல் மாற்றமும் இருக்கின்றன. இந்தத் தொலைவைக் குழந்தைக்கு அதன் அளவில் காட்டுவதுதான் சொல் கற்பித்தல்.

அதன் அளவில் என்கிறபோது அடுத்த மறுப்பு வருகிறது. ஏழெட்டு வயதில் குழந்தைக்குக் கண்ணில் படாததைப் பற்றிய எண்ணம் வளர்ந்திருக்குமா, இதையெல்லாம் ஆறாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்கள். விளையாடும் குழந்தைகளைக் கவனித்தால் இந்த ஐயம் தீரும். விதியை மீறுகிறவனைப் பார்த்து ‘அழுகுணி ஆட்டம்’ என்று கத்தும் குழந்தைக்கு நேர்மை என்ற கருத்து ஏற்கெனவே வந்துவிட்டது. வராதது சொல் மட்டுமே. அண்ணனுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்று அழும் குழந்தை நியாயத்தைப் பற்றித்தான் வழக்காடுகிறது. உணர்ச்சித் தொடர்பு உள்ள கருத்துச் சொற்களைக் குழந்தைகள் மற்றக் கருத்துச் சொற்களைவிட முந்திக் கற்கிறார்கள் என்று மார்ட்டா பொனாரி, கோர்ட்னி நார்பரி, கப்ரியேலா விக்லியோக்கோ ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் வரிசையும் தெளிவாகிவிடுகிறது. முதல் மூன்று வகுப்புகளில் கோபம், பயம், ஏக்கம், நிம்மதி, பொறாமை போன்றவை. அந்த அடித்தளத்தின் மேல் பொறுமை, நேர்மை, பொறுப்பு. அதற்குப் பின் உரிமை, நீதி, சமத்துவம்.

குழந்தை கையோடு கொண்டுவரும் முதலும் சிறியதல்ல. தமிழ்ப் பேச்சில் நெருங்கிய பொருளுள்ள இரண்டு சொற்கள் இணையாக வருவது இயல்பு. ஈவு இரக்கம், மானம் மரியாதை, சூடு சொரணை, பேரும் புகழும், சீரும் சிறப்பும், கஷ்டநஷ்டம், பயபக்தி என்று வீட்டில் பாட்டியும் அம்மாவும் பேசும் பேச்சில் இவை நாள்தோறும் புழங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாடத்துக்கான விதை. ‘மானம் மரியாதை’ என்று சேர்த்துச் சொல்கிறோமே, மரியாதை மற்றவர் தருவது, மானம் நம்மிடமே இருப்பது என்று மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இரண்டு நிகழ்ச்சிகளில் விளக்கிவிடலாம். கஷ்டமும் நஷ்டமும் ஒன்றா என்று கேட்டால் கடை வைத்திருக்கும் குடும்பத்துக் குழந்தை ஆசிரியரைவிட நன்றாகவே விடை சொல்லும். திருநெல்வேலி வழக்கில் ‘சடவா இருக்கு’ என்று கேட்டு வளர்ந்த தாராவிக் குழந்தைக்கு அலுப்பு, களைப்பு, சோர்வு என்ற மூன்றையும் கற்பிக்கத் தொடங்க வேண்டிய இடம் அந்தச் சடவுதான். மொழிக்குள்ளேயே இன்னொரு வசதியும் இருக்கிறது. தயங்கு என்றால் தயக்கம், ஏங்கு என்றால் ஏக்கம், கலங்கு என்றால் கலக்கம், நடுங்கு என்றால் நடுக்கம், இரங்கு என்றால் இரக்கம். செயலைச் சொல்லும் வினை தெரிந்துவிட்டால் அதிலிருந்து பெயர் ஒழுங்காகப் பிறக்கிறது. ‘அவன் பதில் சொல்லத் தயங்கினான்’ என்பதை நடித்துக் காட்டலாம். தயக்கத்தை நடித்துக் காட்ட வேறு வழியில்லை. ஆகவே பெயரிலிருந்து பெயருக்குத் தாவுவதைவிட வினையிலிருந்து பெயருக்கு வருவதே தமிழின் இயல்புக்கு ஏற்ற வழி.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு வகுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு ஒரு சொற்குடும்பம் போதும். அச்சக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், முதல் நாளில் வீட்டுச் சொல்லான பயம் மட்டும். எப்போதெல்லாம் பயந்தீர்கள் என்று கேட்டு, குழந்தைகள் சொல்லும் நிகழ்ச்சிகளைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். லோக்கல் ரயில் கூட்டத்தில் அம்மாவின் கை நழுவியது, இரவில் விளக்கு அணைந்தது, மழைக்காலத்தில் சந்துக்குள் தண்ணீர் ஏறியது, மராத்தி வகுப்பில் எழுந்து நின்று பதில் சொன்னது, அப்படிச் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தது. அடுத்த நாள் ஆசிரியர் ஒரே ஒரு புதிய சொல்லைக் கொண்டுவரலாம்: தயக்கம். இந்தப் பட்டியலில் எது பயம், எது தயக்கம்? ரயிலில் கை நழுவியபோது தயங்கினோமா? பதில் தெரிந்தும் வாய் வராமல் நின்றோமே, அதுதானே தயக்கம்? அதற்கடுத்த நாள் கூச்சம், பிறகு கவலை, பிறகு பீதி. தண்ணீர் ஏறுமோ என்று எண்ணிக்கொண்டிருப்பது கவலை. ஏறிவிட்டபோது எல்லோரும் கத்திக்கொண்டு ஓடுவது பீதி. வாரக் கடைசியில், சிரித்தார்களே, அப்போது வந்தது இவற்றில் எது என்று கேட்டால், இதுவரை வந்த எந்தச் சொல்லும் பொருந்தவில்லை என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். அவமானம் என்ற சொல்லுக்கான தேவை அப்போது வகுப்பிலேயே பிறக்கும். தேவை பிறந்த பிறகு வரும் சொல் மறக்காது. அச்சம் என்ற எழுத்து வழக்குச் சொல்லை இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுப்பெயராகக் கடைசியில் தந்தால், அதற்கும் ஓர் இடம் கிடைத்துவிடும்.

மும்பைக் குழந்தையின் பல மொழிச் சூழலைச் சுமை என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சொல் கற்பித்தலில் அது பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் மட்டும் குழப்பம். கஷ்டம் என்று நாம் சொல்வது துன்பத்தையும் இடரையும். மராத்தியில் கஷ்ட் என்பது பெரும்பாலும் கடும் உழைப்பைக் குறிக்கிறது. நம் குழந்தையின் சேட்டை குறும்பு, மராத்தியில் அது கேலி, இந்தியில் முயற்சி. தமிழில் அபிமானம் பற்று; மராத்தியில் அபிமான் பெருமிதம்; இந்தியில் பெரும்பாலும் செருக்கு. மராத்தியில் சிக்ஷா என்றால் தண்டனை, இந்தியில் கல்வி. தாராவிச் சந்தில் ஒரு குழந்தை இந்த நான்கையும் ஒரே மாலைப் பொழுதில் கேட்டுவிட முடியும். ஒலி ஒன்றாக இருந்தாலும் பொருள் விலகலாம் என்பதைத் தன் அன்றாட வாழ்விலேயே காணும் குழந்தை இது. ஒரே பொருள் என்று சொல்லப்படும் சொற்களும் விலகலாம் என்பதை ஒருமொழிக் குழந்தையைவிட இது விரைவாகப் பிடித்துக்கொள்ளும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் பிற மொழிச் சொல்லைத் தடை செய்வதைவிட, அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தமிழ்ச் சொல்லின் எல்லை இன்னும் துலங்கும்.

வீட்டுச் சொல்லில் தொடங்கினால் குழந்தை கொச்சையிலேயே நின்றுவிடும், எழுத்துத் தமிழ் வராது என்பது தமிழாசிரியர்கள் பலரின் உண்மையான கவலை. தமிழ் அரசு மொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் இதே கவலை பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. அங்கே 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, திருத்தமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆங்கிலம் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் மட்டும் தமிழ் என்று சொன்னால், அவர்கள் தமிழையே அயல்மொழியாகப் பார்ப்பார்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். மாட்டுங்காவின் நிலையும் இன்று அதுதான். பயம் என்ற சொல்லை வெளியே நிறுத்தி அச்சத்தை உள்ளே அழைத்தால் குழந்தைக்கு இரண்டும் கிடைக்காது. பயத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அச்சம் உள்ளே வர முடியும். வீட்டுச் சொல்லில் தொடங்க வேண்டும் என்பதுதான் வாதம். அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வியைப் பெற்றோர்கள் கேட்பார்கள். பிள்ளை நாளை மேல் வகுப்பில் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். மராத்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் மாநிலச் சட்டம் 2020இலேயே வந்துவிட்டது. முதல் வகுப்பிலிருந்தே இந்தியைக் கொண்டுவரும் முயற்சி 2025இல் பெரிய போராட்டத்துக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. இத்தனை நெருக்கடியில் தமிழில் பரிவுக்கும் இரக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்று என்ன பயன்? பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்த குடும்பம் இப்படிக் கேட்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கருத்து வேறு, அதன் ஒலி வடிவம் வேறு. பொறுப்பு என்றால் என்ன என்று ஒரு மொழியில் ஆழமாகப் புரிந்துகொண்ட குழந்தை, அதற்கான ஆங்கிலச் சொல்லைப் படிக்கும்போது பெயரை மட்டுமே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். எந்த மொழியிலும் அந்தக் கருத்து தெளியாத குழந்தை ஆங்கிலத்திலும் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்யும். ஒரு மொழியில் பெற்ற ஆழமான படிப்பறிவு அடுத்த மொழிக்கும் உதவும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இலிருந்து வாதிட்டு வருவது இதைத்தான். அரசமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று 1956 முதல் சொல்லிவருகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது தாய்மொழி வேண்டும் என்கிறது. சட்டம் தரும் அந்தச் சில ஆண்டுகளை மனப்பாடத்தில் கழித்தால் பெற்றோரின் ஐயம் நியாயமாகிவிடும். கருத்தைத் தெளிவாக்கப் பயன்படுத்தினால், பிள்ளை எந்தப் பள்ளிக்கு மாறினாலும் அந்த முதலீடு கூடவே போகும்.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் நிலை, பாடத்தை முடிக்கும் அவசரம், வாசிப்பு வேகக் கணக்கு எல்லாம் உண்டு. ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களையாவது பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதில் வேகத்தை அளப்பது எளிது, பொருளுணர்வை அளப்பது கடினம். எளிதாக அளக்க முடிந்ததுதான் வகுப்பறையை ஆளும். ஆனால் மேலே சொன்ன முறைக்குத் தனிப் பாடவேளை வேண்டியதில்லை. இப்போது பட்டியலைச் சேர்ந்து படிக்கச் செலவாகும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். குறைந்த சொற்களைத்தானே கற்பிக்க முடியும் என்றால், ஆம், தொடக்கத்தில் குறைவுதான். ஆண்டுக்கு நூற்றைம்பது சொல்லுக்குப் பொருள் எழுதத் தெரிந்த குழந்தையைவிட, ஐம்பது சொல்லை இடமறிந்து பயன்படுத்தத் தெரிந்த குழந்தை அடுத்த ஆண்டுப் பாடநூலைத் தானே படிக்கும். உண்மையில் மாற வேண்டியது முதலில் தேர்வுக் கேள்விதான். கேள்வி மாறாமல் கற்பித்தல் மாறாது. ‘சினம் – பொருள் எழுதுக’ என்பதற்குப் பதிலாக, ஒரு சிறு நிகழ்ச்சியைத் தந்து, இங்கே எரிச்சல் பொருந்துமா, கோபம் பொருந்துமா, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். அந்த ‘ஏன்’ தான் மனப்பாடத்தால் விடை தர முடியாத பகுதி. சரியான காரணம் சொல்லும் எந்த விடைக்கும் மதிப்பெண் தர வேண்டும்; சொல்லின் எல்லை மங்கலாக இருக்கும் இடத்தில் இரண்டு விடையும் சரியாக இருக்கலாம் என்பதையும் குழந்தை அறியட்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து, முதல் ஐந்து வகுப்புகளுக்கு வகுப்புக்கு இருபது சொற்குடும்பங்கள் என்று தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மும்பை வாழ்விலிருந்து நிகழ்ச்சிகளைத் தொகுக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூலின் வயல் வரப்பு எடுத்துக்காட்டுகளைவிட இவை இங்கே அதிகம் உதவும். மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் நடத்தும் ஒப்பித்தல் போட்டிகளோடு, ஒரு நிகழ்ச்சிக்குச் சரியான சொல்லைத் தேர்ந்து காரணம் சொல்லும் போட்டி ஒன்றையும் சேர்க்கலாம். அந்தப் போட்டியில் தாராவிக் குழந்தையும் செம்பூர்க் குழந்தையும் ஒரே மேடையில் நிற்கட்டும். இருவரின் வீட்டுச் சொற்களும் வேறு, அந்த வேறுபாடே இருவருக்கும் பாடம். பரிசு மனப்பாடத்துக்கு மட்டும் போகும் வரை பெற்றோரின் கவனமும் அங்கேதான் இருக்கும்.

இத்தனை வாதமும் தேர்வு மதிப்பெண்ணுக்காக அல்ல. நெரிசலான வீடுகளிலும் சந்துகளிலும் வளரும் குழந்தைகளுக்குப் பல கொடுமைகள் பேச்சில்லாமலே நடந்துவிடுகின்றன. பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தை ‘பயமா இருக்கு’ என்று மட்டும் சொன்னால், பெரியவர்கள் தைரியம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது பயமல்ல, அவமானம் என்று அந்தக் குழந்தையால் சொல்ல முடிந்தால், யார், எங்கே, என்ன செய்தார்கள் என்ற அடுத்த கேள்வி பிறக்கும். தனக்குக் கிடைத்தது இரக்கமா, தனக்குரிய உரிமையா என்று பிரிக்கத் தெரிந்தவர்தான் வளர்ந்த பின் அலுவலகச் சாளரத்தின் முன் நின்று உரிமையைக் கேட்பார். நெருங்கிய இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது, தனக்கு நேர்ந்ததைச் சரியாகச் சொல்லும் வலிமையைப் பெறுவது. தொடக்கப் பள்ளி ஒரு குழந்தைக்குத் தரக்கூடிய வலிமைகளில் அது முதன்மையானது. அதை நாளுக்குப் பத்து நிமிடத்தில் தர முடியும் என்கிறபோது, தராமல் இருப்பதற்கு நம்மிடம் காரணம் எதுவும் இல்லை.